பந்து எங்கே தப்புகிறது? டேபிள் டென்னிஸ் ரப்பரைக் கோளாறு பார்த்துத் தேர்ந்தெடுப்பது

"அண்ணே, எந்த ரப்பர் நல்லா இருக்கும்?" மதுரையில் எந்த டி.டி. ஹாலில் போய் நின்றாலும் இந்தக் கேள்வி வரும். அண்ணா நகரில் கல்லூரிப் பையன் கேட்பான், கே.கே. நகரில் ஓய்வு பெறப்போகும் வங்கி ஊழியர் கேட்பார், மேலூரிலிருந்து மகளைப் பயிற்சிக்குக் கூட்டிவரும் அப்பா கேட்பார். மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. அதனால் நான் முதலில் "பந்து எங்கே தப்புது?" என்று கேட்பேன். நெட்டில் மாட்டுகிறதா, டேபிளைத் தாண்டுகிறதா, உள்ளே விழுந்தும் எதிராளி சுலபமாக எடுத்துவிடுகிறாரா? எந்த அடியில் இப்படி ஆகிறது? இதற்குப் பதில் கிடைத்தால் பேட்டில் ஒட்டும் ரப்பரில் எதை மாற்றலாம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மாற்றவே வேண்டாம் என்றும் சில நேரம் சொல்லிவிடலாம்.

கீழே கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கடைக்குப் போகும் முன்

நெட்டை அளந்து பாருங்கள். 15.25 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். நடுவில் தொய்ந்த நெட்டில் மாதக்கணக்கில் ஆடிவிட்டு, போட்டிக்குப் போன இடத்தில் இழுத்துக் கட்டிய நெட்டில் லூப் (பந்தை உரசிச் சுழற்சியோடு தூக்கி அனுப்பும் அடி) எல்லாம் மாட்டினால் ரப்பர் என்ன செய்யும்? பந்தையும் கவனியுங்கள். பயிற்சிக்கு மலிவான பந்து, போட்டிக்கு மூன்று ஸ்டார் பந்து என்று மாறி மாறி ஆடினால் துள்ளலே வேறாக இருக்கும்.

அடுத்து ரப்பரைக் கழுவுங்கள். சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெத்தென்ற ஸ்பாஞ்சால் மேலிருந்து கீழாக ஒரே திசையில் துடைத்து, நிழலில் காயவிட்டு, மறுபடி ஆடிப் பாருங்கள். நம் ஊர் ஹால்களில் ஜன்னல் திறந்தே இருக்கும், தரையில் எப்போதும் மெல்லிய தூசி இருக்கும். கீழே விழுந்த பந்து அந்தத் தூசியை அப்படியே கொண்டுவந்து ரப்பரில் பூசிவிடும். ரப்பர் செத்துவிட்டது என்று தூக்கிப் போடப்படும் ஷீட்டுகளில் கணிசமானவை வெறும் அழுக்கேறியவை. சோப்பு, சானிடைசர், பெட்ரோல் எதுவும் வேண்டாம்.

கழுவியும் பிடிப்பு வரவில்லை என்றால் வயதைப் பாருங்கள். பந்தை ரப்பரின் ஓரத்தில், பந்து அதிகம் படாத இடத்தில், லேசாக அழுத்தி இழுங்கள். அதே அழுத்தத்தில் நடுவிலும் இழுங்கள். ஓரத்தில் பிடித்து நடுவில் வழுக்கினால் டாப் ஷீட், அதாவது ரப்பரின் மேல் அடுக்கு, தேய்ந்துவிட்டது. தினமும் இரண்டு மணி நேரம் ஆடுபவருக்கு ஆறேழு மாதத்திலேயே இப்படி ஆகலாம். அந்த நிலையில் வேறு வகை தேட வேண்டாம், அதே ரப்பரில் புதிய ஷீட் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம்.

கடைசியாக, ஒரு மேட்சை போனில் படம் பிடியுங்கள். ஒவ்வொரு பாயிண்டும் எந்த அடியில் முடிந்தது என்று ஒரு தாளில் குறியுங்கள். கேட்டால் எல்லோரும் தன்னை அட்டாக்கர் என்றுதான் சொல்வார்கள். தாளைப் பார்த்தால் முக்கால்வாசி பாயிண்ட் பிளாக் செய்தும் (வரும் அடிக்குப் பேட்டைக் காட்டித் தடுப்பது) புஷ் செய்தும் (பந்தின் அடியில் மெதுவாகத் தள்ளுவது) வந்திருக்கும். முன்னாள் இந்திய வீரர் சரத் கமல் டேபிளிலிருந்து ஓரடி பின்வாங்கி ஃபோர்ஹேண்டில் விளாசிய அடியைப் பார்த்துவிட்டு அவருடையதைப் போன்ற பேட்டும் ரப்பரும் வாங்குகிறவர், உண்மையில் டேபிளை ஒட்டி நின்று பந்தைத் திருப்பி விடுகிறவராக இருப்பார். ரப்பரை அந்தத் தாளைப் பார்த்து வாங்க வேண்டும்.

ரப்பரில் மாறக்கூடியவை

ரப்பர் என்று நாம் சொல்வது இரண்டு அடுக்கு. மேலே டாப் ஷீட், அடியில் ஸ்பாஞ்ச். 1952-இல் பம்பாயில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்து ஒற்றையர் பட்டத்தை வென்றார். முள் ரப்பரின் சத்தத்தை வைத்து அடியைக் கணித்துப் பழகியவர்களுக்கு, சத்தமே எழாத அந்த பேட் பிடிபடவில்லை. 1959-இல் விதி வந்தது: ஸ்பாஞ்ச் மேல் முள் ரப்பர் ஷீட் இருக்க வேண்டும், பசையோடு சேர்த்து மொத்தத் தடிமன் 4 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. இன்றும் அதே அளவுதான். அந்த முள் வெளியே தெரிந்தால் பிம்பிள்ஸ், உள்ளே திரும்பி வழவழப்பான பக்கம் வெளியே இருந்தால் நம்மில் பெரும்பாலோர் ஆடும் சாதாரண ரப்பர்.

வாங்கும்போது மூன்றைத்தான் பார்க்கிறோம். ஸ்பாஞ்சின் தடிமன்: 1.5 மி.மீ.யிலிருந்து 2.1, 2.2 வரை பொதுவாகக் கிடைக்கும். ஸ்பாஞ்சின் கடினம். டாப் ஷீட்டின் பிடிப்பு. பிராண்டின் பெயர் இவற்றுக்கு அப்புறம்தான்.

புஷ், பிளாக், ரிசீவ் எல்லாம் டேபிளைத் தாண்டிப் போகிறது

நான் அதிகம் பார்க்கும் கோளாறு இது. கதை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆறு மாதம் ரெடிமேட் பேட்டில் ஆடியவர் கார்பன் பிளேடு (ரப்பர் ஒட்டும் மரப் பலகைதான் பிளேடு, இதில் கார்பன் இழையும் இருக்கும்) வாங்கி, இரண்டு பக்கமும் 2.1 மி.மீ. ஸ்பாஞ்சுள்ள வேகமான ரப்பர் ஒட்டிக்கொள்வார். ஃபோர்ஹேண்டில் அடித்தால் பந்து பறக்கும், சந்தோஷமாக இருக்கும். மேட்ச் ஆரம்பித்ததும் எதிராளியின் சர்வீஸைச் சின்னதாகத் திருப்ப முடியாது, பிளாக் வைத்தால் பந்து ஓர் அடி தள்ளி வெளியே விழும்.

இன்றைய வேகமான ரப்பர்களில் டாப் ஷீட்டும் ஸ்பாஞ்சும் ஏற்கனவே விறைப்பாக இழுத்துவைத்தது போல் தயாரிக்கப்படுகின்றன. லேசாகத் தொட்டாலும் பந்தைத் தள்ளிவிடும். ஸ்பாஞ்ச் தடிமனாக இருந்தால் தள்ளல் இன்னும் கூடும். கை வேகமாக வீசும்போது அது துணை, பந்தை நிறுத்தி வைக்க வேண்டிய அடிகளில் அதுவே தொல்லை.

பேக்ஹேண்ட் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள், பிளாக்கும் ரிசீவும் அதிகம் நடப்பது அங்கேதான். அதே ரப்பரில் 2.1-க்குப் பதில் 1.8 போடலாம். போதவில்லை என்றால் பழைய தலைமுறை ரப்பருக்குப் போகலாம். 1960களின் பிற்பகுதியில் வந்த பட்டர்ஃபிளை ஸ்ரைவர், யசாகா மார்க் வி இரண்டும் இன்றும் மதிப்போடு பேசப்படுவதற்குக் காரணம் உண்டு: கை கொடுத்த அளவுதான் பந்து போகும். ஆட்டத்தில் பாதிக்கு மேல் பிளாக், புஷ், அவ்வப்போது ஒரு டிரைவ் என்று ஆடும் ஆல்ரவுண்டருக்கு 1.8 மி.மீ.யில் இப்படிப்பட்ட ரப்பர் இரண்டு பக்கமும் போட்டாலே போதும் என்பது என் கருத்து. மேலூர் அப்பாவுக்கும் இதையேதான் சொல்வேன். ஆட ஆரம்பித்த பிள்ளைக்கு விலை உயர்ந்த ரப்பர் வாங்கித் தருவதால், பந்து தானாகவே வேகமாகப் போய், அடியை முழுதாக வீசிப் பழகுவதற்கு முன்பே பிள்ளை கையைச் சுருக்கிக்கொள்ளப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தைப் பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

பிளேடே கார்பன் என்றால் ரப்பரால் மட்டும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஐந்து பிளை (அடுக்கு) மர பிளேடுக்கு மாறுவது நல்லது. இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டாம், பிளேடை முதலில் மாற்றிப் பழைய ரப்பரையே ஒட்டி ஆடிப் பாருங்கள்.

இன்னொன்று, பிடி. டென்ஷன் ஏறும்போது கைப்பிடியை இறுக்குவோம். இறுக்கிப் பிடித்த பேட்டில் பந்து அதிகம் துள்ளும். முதல் கேமில் உள்ளே விழுந்த பிளாக் 9-9-இல் வெளியே போகிறது என்றால் காரணம் விரல்களில் இருக்கிறது.

கட் பந்தை லூப் போட்டால் நெட்டில் மாட்டுகிறது

கட் பந்து என்றால் பின்சுழற்சியோடு வரும் பந்து. அது நெட்டில் மாட்ட மூன்று காரணம் இருக்கலாம். முதலாவது தூசி அல்லது தேய்மானம், அதை மேலே பார்த்தாயிற்று. இரண்டாவது, கீழே இறங்காமல், முழங்காலை மடக்காமல் கையால் மட்டும் தூக்குவது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ஹாலில் நன்றாக லூப் போடும் ஒருவரிடம் உங்கள் பேட்டைக் கொடுத்து, அதே கட் பந்தை எடுக்கச் சொல்லுங்கள். அவருக்கும் இரண்டு மூன்று பந்து நெட்டில் மாட்டினால் ரப்பரைச் சந்தேகப்படலாம். அவருக்கு அநாயாசமாகப் போனால் ரப்பர் வாங்கும் பணத்தைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள்.

மூன்றாவது காரணம் ஸ்பாஞ்சின் கடினம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சீனத் தேசிய அணி ஆடும் ரப்பர் என்று சொல்லி டி.எச்.எஸ். ஹரிகேன் 3 வாங்குவார்கள். பையில் 39 டிகிரி என்றோ 40 என்றோ போட்டிருக்கும். ஐரோப்பிய ரப்பர் ஒன்றில் 45 என்று பார்த்துவிட்டு, ஹரிகேன் மென்மையானது என்று நினைத்துக்கொள்வார்கள். அளவுகோலே வேறு. சீன அளவில் 39 என்பது ஜெர்மன் அளவில் ஐம்பதை ஒட்டி வரும். பட்டர்ஃபிளை நிறுவனத்துக்கு இன்னொரு அளவு: 2008-இல் வந்த டெனர்ஜி 05-இல் 36 என்று போட்டிருக்கும், ஜெர்மன் அளவில் அது நாற்பதுகளின் நடுப்பகுதிக்கு மேலே. ஆகவே ஒரே கம்பெனிக்குள் மட்டும் எண்ணை ஒப்பிடுங்கள். கம்பெனி தாண்டி ஒப்பிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

கடினமான, ஒட்டும் தன்மையுள்ள சீன ரப்பர் முழு உடம்பையும் திருப்பி வீசுகிறவருக்கு அற்புதமான சுழற்சி தரும். பாதி வீச்சில் ஆடுபவருக்கு ஸ்பாஞ்ச் அமுங்கவே அமுங்காது. பந்து மேற்பரப்பில் சறுக்கிக் கீழே விழும். வாரத்துக்கு இரண்டு மாலை ஆடும் ஒருவர், ஜெர்மன் அளவில் 42 முதல் 45 வரையுள்ள, பந்தைக் கொஞ்சம் உயரமான வளைவில் அனுப்பும் ரப்பருக்கு மாறினால் அதே லூப் நெட்டைத் தாண்டும். எக்ஸியம் வேகா யூரோப் போன்ற மென்மையான ரப்பர்கள் இந்த இடத்தில் நன்றாக உதவுகின்றன, பேக்ஹேண்டில் குறிப்பாக. ஃபோர்ஹேண்டில் வீச்சு நன்றாக இருக்கிறது, பேக்ஹேண்டில் சின்ன அசைவுதான் என்றால் இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு கடினம் போடுவது முழுக்க நியாயம். பெரிய ஆட்டக்காரர்கள் பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

லூப் உள்ளே விழுகிறது, எதிராளி சாதாரணமாக பிளாக் செய்கிறார்

முந்தைய கோளாறுக்கு நேர் எதிர். பலமாக அடிக்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். "டக்" என்று மரச்சத்தம் கேட்டால் பந்து மென்மையான ஸ்பாஞ்சை முழுவதும் அமுக்கிப் பிளேடைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு பலம் போட்டாலும் வேகமும் சுழற்சியும் கூடாது. ஒரு படி கடினமான ஸ்பாஞ்சுக்குப் போங்கள். 42-இல் இருப்பவர் 47-க்குப் போனால் போதும், நேராக ஹரிகேனுக்குத் தாவ வேண்டாம். 1.8-இல் ஆடுகிறவர் அதே ரப்பரில் 2.0 போட்டும் பார்க்கலாம். ஃபோர்ஹேண்ட் மட்டும் மாற்றுங்கள்.

எதிராளியின் சர்வீஸைத் தொட்டாலே பந்து எங்கெங்கோ பறக்கிறது

ஒரு பந்து மேலே, அடுத்தது நெட்டில், அதற்கடுத்தது பக்கவாட்டில். பிடிப்பு அதிகமுள்ள புதிய ரப்பர் உங்கள் சுழற்சியைப் பெருக்குவது போலவே எதிராளியின் சுழற்சிக்கும் அதே அளவு ஆட்படும். ஒட்டும் ரப்பரில் இது இன்னும் கூடுதல். சர்வீஸைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் நிரந்தரத் தீர்வு, அதாவது எதிராளியின் பேட் பந்தின் அடியில் போகிறதா, பின்னால் போகிறதா, பக்கத்தில் போகிறதா என்று பார்ப்பது. அது பழகும் வரை ஒட்டாத, மிதமான பிடிப்புள்ள ரப்பர் தவறுகளைக் குறைக்கும்.

டேபிளை ஒட்டி நின்று, சுழற்சி போடாமல் தட்டையாக அடிக்கிற ஆள் என்றால் ஷார்ட் பிம்பிள்ஸ் யோசிக்கலாம். குட்டையான முள்ளில் பந்து படும் பரப்பு குறைவு, எதிராளியின் சுழற்சி அவ்வளவாக ஏறாது. தட்டையாக அடித்தால் பந்து தாழ்வாகச் சீறிப் போகும். பதிலுக்கு உங்கள் லூப்பில் சுழற்சி குறையும். லூப்பை நம்பி ஆடுபவருக்கு இது ஒத்துவராது.

சர்வீஸில் சுழற்சியே ஏறவில்லை

ரப்பர் தேயவில்லை என்றால் இதற்கு ரப்பர் மாற்ற வேண்டாம். பந்தைத் தட்டாமல் உரசுவதும், பேட்டின் நுனிப்பக்கம் தொடுவதும், மணிக்கட்டைத் தளர்த்துவதும் சேர்ந்தால் சாதாரண ரப்பரிலேயே சுழற்சி வரும். வீட்டில் பாய் விரித்து, கட் சர்வீஸ் போட்டால் பந்து திரும்பி வருகிறதா என்று பார்த்துப் பழகலாம்.

காலையில் பிடிக்கிறது, மாலையில் வழுக்குகிறது

நம் ஊர்க் கோளாறு இது. சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மேட்ச் நடக்கும்போது காற்று பந்தைத் தள்ளும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். நெற்றியிலிருந்தும் முழங்கையிலிருந்தும் வழியும் வியர்வை பந்துக்கும் ரப்பருக்கும் போகும். ஈரம் பட்ட ரப்பரில் பந்து பிடிபடாமல் வழுக்கும், அதுவும் ஒட்டும் ரப்பரில் சுத்தமாகப் பிடிப்பே போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரமே இதைச் செய்துவிடும்.

பந்தை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் சட்டையில் துடையுங்கள். ஒவ்வொரு ஆறு பாயிண்டுக்கும் ஒருமுறை துண்டால் துடைத்துக்கொள்ள விதியிலேயே இடம் உண்டு. அந்த நேரத்தில் முகத்தை மட்டும் துடைத்துவிட்டு ஓடிவராமல், கையையும் பேட்டின் பிடியையும் துடையுங்கள். ரப்பரைத் தொடத் தனியாகக் காய்ந்த துணி ஒன்று வேண்டும். வருடம் முழுக்க மின்விசிறி இல்லாத ஹாலில் ஆடுகிறவர் ஒட்டும் சீன ரப்பரைத் தவிர்ப்பதே நல்லது என்பேன். அது கேட்கும் பராமரிப்பு இந்த ஊர்த் தட்பவெப்பத்தில் கொடுப்பது கஷ்டம்.

இன்னொரு விஷயம், பேட்டை வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விடாதீர்கள். கத்திரி வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இருக்கும் சூட்டில் டாப் ஷீட் முதுமை அடைந்து விறைத்துவிடும், பசையும் இளகும். ஆடி முடித்ததும் துடைத்து, ரப்பரோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை ஒட்டி, வீட்டுக்குள் அலமாரியில் வையுங்கள்.

ரப்பர் நடுவில் உப்புகிறது, ஓரம் பிரிகிறது

உப்பிய இடத்தில் பட்ட பந்து செத்த மாதிரி விழும். சூடோ, ஒட்டியதில் குறையோ காரணம். நிதானமாகப் பிரித்து மறுபடி ஒட்டலாம், ரப்பர் வீணாகாது. தண்ணீர் அடிப்படையிலான டி.டி. பசையை ஸ்பாஞ்சிலும் பிளேடிலும் மெல்லியதாகப் பூசுங்கள். வெள்ளையாக இருக்கும் பசை முழுக்கக் கண்ணாடி போல் ஆகும் வரை காத்திருக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுவதால்தான் பெரும்பாலான உப்பல் வருகிறது. பிறகு கைப்பிடிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, வளைத்துப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாகப் படியவிட்டு, சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டுங்கள். இழுத்து ஒட்டினால் பின்னால் சுருங்கி ஓரம் பிரியும். புதிய சவர பிளேடால் ஓரத்தை வெட்டுங்கள்.

ரப்பரை உப்பவைத்து வேகம் கூட்டும் கரைப்பான் பசைகள் ஒரு காலத்தில் எல்லோரிடமும் இருந்தன. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு அவற்றுக்குத் தடை வந்தது. செருப்புக்கும் மரத்துக்கும் ஒட்டும் பசையை ரப்பரில் போட வேண்டாம். மூடிய அறையில் அதன் நெடி உடம்புக்கும் கெடுதல்.

பிம்பிள்ஸ் ஆட்டக்காரரிடம் மட்டும் தோற்கிறேன்

எல்லா ஹாலிலும் ஒரு பெரியவர் இருப்பார். பெரிதாக அசைய மாட்டார். பேக்ஹேண்ட் பக்கம் லாங் பிம்பிள்ஸ் வைத்து பந்தைச் சும்மா தொட்டுவிடுவார். இளவட்டங்கள் நெட்டில் அடித்துவிட்டு "என்ன ரப்பர் வாங்கினா இவரை ஜெயிக்கலாம்ணே?" என்று வருவார்கள். எதுவும் வாங்க வேண்டாம். அந்த ரப்பர் என்ன செய்கிறது என்று புரிந்தால் போதும்.

நீங்கள் டாப் ஸ்பின் போட்டால் பந்து எதிராளியை நோக்கி முன்பக்கமாக உருண்டபடி போகிறது. சாதாரண ரப்பர் அந்தச் சுழற்சியைப் பிடித்து நிறுத்தி மாற்றிவிடும். லாங் பிம்பிள்ஸில் நீண்ட முட்கள் மடங்கிக் கொடுப்பதால் சுழற்சி பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, பந்தின் திசை மட்டும் திரும்புகிறது. உங்களை நோக்கி வரும்போது அதே சுழற்சி கட்டாக ஆகிவிடுகிறது. அதனால் எவ்வளவு பலமாக லூப் போடுகிறீர்களோ அவ்வளவு பலமான கட் திரும்பி வரும். அதன்மேல் மறுபடி அதே கோணத்தில் அடித்தால் நெட்தான். நீங்கள் கட் புஷ் அனுப்பினால் லேசான டாப் ஸ்பின்னோடு, சில நேரம் சுழற்சியே இல்லாமல், மிதந்து வரும். அதை வழக்கம் போல் புஷ் செய்தால் மேலே தூக்கிக்கொண்டு போகும்.

ஒரு லூப், அடுத்து ஒரு மென்மையான புஷ், அதற்கடுத்து வரும் மிதக்கும் பந்தில் அடி என்று மாற்றி ஆடிப் பாருங்கள். சுழற்சி இல்லாத நீண்ட பந்துகளை அந்தப் பக்கம் அனுப்பினால் அவரால் உங்களிடமிருந்து எதையும் கடன் வாங்க முடியாது. ஆட்டம் தொடங்கும் முன் அவர் பேட்டை வாங்கிப் பாருங்கள், காட்ட வேண்டும் என்பது விதி. எந்த நிறத்தில் பிம்பிள்ஸ் இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் இரண்டு வகை ரப்பர் போட்டுத் திருப்பித் திருப்பி ஆடி ஏமாற்றியதால்தான் 1980களில் இரண்டு பக்கமும் வேறு நிறம் என்ற விதி வந்தது. ஒரு பக்கம் கறுப்பு கட்டாயம். மறுபக்கம் சிவப்பு மட்டும் என்றிருந்தது 2021-இல் தளர்ந்து நீலம், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதாவும் வந்துவிட்டன. இந்திய வீராங்கனை மணிகா பத்ரா ஆட்டத்தின் நடுவே பேட்டைத் திருப்பி லாங் பிம்பிள்ஸை ஃபோர்ஹேண்டுக்குக் கொண்டுவருவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் 2018 காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வென்றவர். எதிராளி திருப்புகிறாரா என்று பந்தைப் பார்ப்பதோடு நிறத்தையும் பார்க்க வேண்டும்.

நானே பிம்பிள்ஸுக்கு மாறலாமா

பேக்ஹேண்டில் அடிக்கவே போவதில்லை, டேபிளை ஒட்டி நின்று பந்தை நிறுத்தினால் போதும், முழங்கால் வேறு ஒத்துழைக்கவில்லை என்பவருக்கு லாங் பிம்பிள்ஸ் நல்ல தேர்வு. டேபிளுக்குப் பக்கத்திலேயே பிளாக் செய்ய ஸ்பாஞ்ச் இல்லாத ஷீட் பொருந்தும். பின்னால் போய் சாப் செய்பவருக்கு (பந்தைப் பின்சுழற்சியோடு வெட்டித் திருப்புபவருக்கு) ஒரு மி.மீ.யை ஒட்டிய மெல்லிய ஸ்பாஞ்ச் வேண்டும். ஆன்ட்டி ஸ்பின் இன்னொரு வழி: பார்வைக்குச் சாதாரண ரப்பர் போலவே இருக்கும், மேற்பரப்பில் பிடிப்பு மிகக் குறைவு. 2024-இல் பூசானில் நடந்த உலக அணிப் போட்டியில் இந்தியாவின் அய்ஹிகா முகர்ஜி, அப்போது உலகின் முதல் நிலையிலிருந்த சீனாவின் சுன் யிங்ஷாவை வென்றதில் அவர் பேக்ஹேண்டில் இருந்த ஆன்ட்டி ஸ்பின்னுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பக்கம் பந்தை மெதுவாக்கிக் குழப்பியவர், ஃபோர்ஹேண்டில் அடித்து முடித்தார். முடிக்கும் அடி மறுபக்கம் இல்லாவிட்டால் பிம்பிள்ஸ் மட்டும் பாயிண்ட் வாங்கித் தராது.

வளரும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே லாங் பிம்பிள்ஸ் போட நான் சம்மதிப்பதில்லை. முதலில் இரண்டு பக்கமும் சாதாரண ரப்பரில் அடிகளைக் கற்றுக்கொள்ளட்டும்.

லாங் பிம்பிள்ஸை மொட்டைமாடி வெயிலில் காயவைத்து முள்ளை வழுவழுப்பாக்கும் வேலை வேண்டாம். ரப்பரை எந்த விதத்திலும் பதப்படுத்தாமல் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. பிடிப்பே இல்லாத லாங் பிம்பிள்ஸ் 2008-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது.

முழங்கையும் தோளும் வலிக்கிறது

பேட்டைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 2.1 மி.மீ. கடினமான ரப்பர் வெட்டிய பிறகே ஐம்பது கிராமை ஒட்டி வரும். இரண்டு பக்கமும் அப்படிப் போட்டு, 90 கிராம் பிளேடும் சேர்ந்தால் 190-ஐத் தொட்டுவிடும். மென்மையான, மெல்லிய ரப்பர் ஒரு பக்கத்துக்குப் பத்து கிராம் வரை குறைக்கும். எடை பேட்டின் தலைப்பக்கம் இருப்பதால் இந்தப் பத்து கிராம் கையில் நன்றாகவே தெரியும். வலி ஓரிரு வாரத்தில் குறையாவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாங்கி ஒட்டும்போது

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் மாற்றுங்கள். புதிய ரப்பரில் முதல் ஒரு வாரம் எல்லாமே விசித்திரமாக இருக்கும், அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். போட்டிக்குப் போகிறவர்கள், ரப்பரின் கைப்பிடிப் பக்கம் சர்வதேசக் கூட்டமைப்பின் முத்திரையும் கம்பெனிப் பெயரும் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெட்டும்போது அந்த இடம் போய்விடாமல், பேட்டில் தெரியும்படி ஒட்ட வேண்டும். விலை மிகக் குறைவாகக் கிடைக்கும் பிரபல ரப்பர்களில் போலி நிறைய. எழுத்துகள் மங்கலாகவும் ஸ்பாஞ்சின் துளைகள் சீரற்றும் இருந்தால் வாங்காதீர்கள்.

பழைய ஷீட்டை உரிக்கும்போது ஒரு மூலையிலிருந்து மெதுவாக, மர இழை ஓடும் திசையோடு உரியுங்கள். குறுக்கே இழுத்தால் பிளேடின் மேல் பிளை பிய்ந்து வரும். உரித்த ஷீட் இன்னும் பிடிக்கிறது என்றால் உறை ஒட்டி எடுத்து வையுங்கள். வெளியூர்ப் போட்டியில் புதிய ரப்பர் கிழிந்தாலோ உப்பினாலோ, கைக்குப் பழகிய அந்தப் பழைய ஷீட்டை ஒட்டிக்கொண்டு அடுத்த ரவுண்டு ஆடலாம்.